ஜன்னல் பக்கம், ஹீட்டர் பக்கம்

யெல் தீவில், எங்கள் பள்ளியில்,
மூன்றாம் ஆண்டில் பதினொரு பேர்.
வழி இரண்டு, அறை ஒன்று,
ஆசிரியை ஒருத்தி. நான்.

அதனால் மார்ச் மாதம் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது
உண்மையில் ஒரு மேசையை.
ஜன்னலோரம் கணிதம்:
இருபடிச் சமன்பாடு, கோசைன் விதி,
கண்ணாடிக்கு வெளியே சால்மன் மீன் கூண்டுகள்,
சாம்பல் நிறத் தண்ணீரில் யாரோ வரைந்த வட்டங்கள்.
ஹீட்டர் பக்கம் பயன்பாட்டுக் கணிதம்:
சம்பளச் சீட்டு, கூட்டு வட்டி,
ஒரு கன்டெய்னரில் எத்தனை பெட்டி அடங்கும்,
அளவில் எவ்வளவு பிசகு தாங்கும்.

இரண்டுக்கும் ஒரே தரச் சான்றிதழ்.
பெற்றோர் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னேன்.
சொல்லும்போது என் வலது கை
'கணிதம்' என்கையில் சற்று மேலே போனதாம்,
'பயன்பாடு' என்கையில் மேசைக்கு இறங்கியதாம்.
மெரனின் அம்மா பார்த்துவிட்டாள்.
ஃபெரியில் கார்களை வரிசைக்கு நிறுத்துபவள் அவள்.
கையசைவுதான் அவள் சோறு.

படிவங்கள் வெள்ளிக்கிழமை வந்தன.
மாக்னியின் தாளில் அவன் அப்பாவின் பேனா
கிழிக்கிற அழுத்தத்தில் குறி போட்டிருந்தது.
கணிதம். பையன் கப்பல் இன்ஜினியர் ஆவானாம்.
மெரனின் தாளில் இரண்டு கட்டமும்
எழுதி அழித்து எழுதி அழித்து
பஞ்சாகக் கிளம்பியிருந்தன.

மெரன்,
நான் முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தை வரையுமுன்
விடையைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுபவள்.
கூப்பிட்டேன்.
"எது பிடிக்கும் உனக்கு?"
"ரெண்டும் பரவால்ல மிஸ். எது கீழே?"
"கீழே மேலே என்றெல்லாம்..."
என் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்றிரவு புயல், ஃபெரி இல்லை.
அவளுக்கு நீண்ட மடல் ஒன்று எழுதினேன்.
கதவுகள் என்ற சொல் அதில் ஐந்து முறை வந்தது.
திங்களன்று அவள் சொன்னது இவ்வளவுதான்:
"கால்நடை மருத்துவமனையில நர்ஸா போகப் போறேன்.
ரெண்டுல எது இருந்தாலும் சேர்த்துப்பாங்களாம்.
காலேஜுக்கு போன் போட்டுக் கேட்டேன்."

பதினான்கு வருடமாக இந்தப் படிவத்தை நீட்டுகிறேன்.
ஒரு முறை, ஒரே ஒரு முறை,
யாருக்கும் போன் போட்டுக் கேட்டதில்லை.
"வீணாக்குகிறாள்" என்றேன் அன்று மதியம்,
ஆசிரியர் அறையில்,
கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலிடம்.

ஜூனில் புது அட்டவணை.
ஹீட்டர் பக்கம் மெரன் ஒரு கணக்கோடு வந்தாள்,
புத்தகத்தில் இல்லாத கணக்கு.
நூற்றிருபது ஆடு, குடற்புழு மருந்து,
கிலோவுக்கு இத்தனை மில்லி,
மாமாவின் தராசு இரண்டு கிலோ வரை பொய் சொல்லும்,
எத்தனை பாட்டில் வாங்கலாம்?
பலகையில் போட்டேன்.
இரண்டாம் வரியிலேயே முழு எண்ணாக்கினேன்.
"அங்க இல்ல மிஸ், கடைசில" என்றாள்.
ஒரு பாட்டில் அதிகமாக வந்திருந்தது எனக்கு.
ஜன்னல் பக்கம் நான்கு தலைகள் திரும்பியிருந்தன.
அவர்களை வெக்டாருக்கு விரட்டினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
மாக்னி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு
அறையின் குறுக்கே வந்தான்.
நான்கு கால்களும் தரையில் கீச்சிட்டன.
அவன் நோட்டில் ஒரே சமன்பாடு,
மூன்று வாரமாக அதே சமன்பாடு.
"குளிருது" என்றான்.

எங்கள் ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி.
வடகடல் காற்றே தலைகீழாக நின்றாலும் உள்ளே வராது.
"ஆமாம், குளிர்தான்" என்றேன்.
மெரன் தலை நிமிராமல்
கால்குலேட்டரை ஒரு சாண் நகர்த்தினாள்.

அவன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.
இதுவரை
'அன்புள்ள' வந்திருக்கிறது.